எந்தப் படியில் ஏறுவது? உங்களுக்குத் தெரியுமா?

வேலை பறிபோனவர் நியாயம் கேட்டுக் கோர்ட் படி ஏறுகிறார். வாய்தா மேல் வாய்தா. ஐந்தாறு வருடம் கழித்து ஒரே வரியில் பதில் வருகிறது: இந்த வழக்கை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை. அவர் சொன்னது உண்மையா, பொய்யா என்று அதுவரை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். இப்படித் திரும்பி வந்த கேஸ் கட்டுகளை நான் நிறையவே பார்த்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்கே.

●

முதலில் ஒரு ஆறுதல். "அதிகார வரம்பு இல்லை" என்று ஒரு வழக்கு தள்ளுபடியானால், தொழிலாளி தோற்றதாக அர்த்தம் இல்லை; முதலாளி ஜெயித்ததாகவும் அர்த்தம் இல்லை. வேலை நீக்கம் சரியா, தப்பா என்ற கேள்விக்குள்ளேயே அந்த நீதிமன்றம் போகவில்லை. அதே கோரிக்கையை உரிய மன்றத்தில் மறுபடி வைக்கலாம். "ஏற்கெனவே தீர்ப்பு ஆகிவிட்டது" என்று எதிர்த்தரப்பு உங்களை மறிக்க முடியாது. இது தெரியாமல் கட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, விதியை நொந்துகொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

●

அதிகார வரம்பு ஒன்றல்ல, மூன்று. எந்த விஷயத்தை விசாரிக்கலாம், எந்த ஊர் விவகாரத்தை விசாரிக்கலாம், எவ்வளவு தொகை வரை விசாரிக்கலாம். ஊர் பற்றியும் தொகை பற்றியும் ஆட்சேபம் இருந்தால் எதிர்த்தரப்பு ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தீர்ப்பு வந்த பிறகு கிளப்பினால் பெரும்பாலும் எடுபடாது. ஆனால் விஷயம் பற்றிய அதிகாரமே இல்லையென்றால் கதை வேறு. இரண்டு தரப்பும் சேர்ந்து சம்மதித்தாலும் அந்த அதிகாரம் வராது. அப்படிக் கொடுத்த தீர்ப்பு செல்லாது என்பதை எந்தக் கட்டத்திலும், நிறைவேற்று மனுவில்கூட எடுத்துச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே தெளிவாக்கிவிட்டது. பத்து வருடம் நடத்தி ஜெயித்த வழக்கும் காலடியில் சரிந்து போவது இதனால்தான்.

●

சட்டம் தடுக்காத எல்லா உரிமையியல் வழக்கையும் சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்பது 1908-ஆம் வருட நடைமுறைச் சட்டத்தின் 9-வது பிரிவு. அப்படியென்றால் வேலை வழக்கை மட்டும் ஏன் திருப்புகிறார்கள்?

1975-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. விவகாரம் தொழில் தகராறே இல்லை என்றால், சிவில் கோர்ட்தான். தொழில் தகராறாகவும் இருந்து, பொதுவான ஒப்பந்தச் சட்டத்தின்படியும் உரிமை இருந்தால், இரண்டில் ஒன்றைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கலாம். உரிமையே தொழில் தகராறுகள் சட்டத்தால்தான் பிறந்தது என்றால், அந்தச் சட்டம் காட்டும் வழி மட்டுமே. 1995-ல் ராஜஸ்தான் போக்குவரத்துக் கழக வழக்கில் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி இருந்த அமர்வு இதை இன்னும் விரித்து, நிலையாணைகளின்கீழ் வரும் உரிமைகளுக்கும் தொழிலாளர் நீதிமன்றமே இடம் என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளைப் படித்துவிட்டு வழக்குப் போட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய கண்டக்டர்கள், ஃபிட்டர்கள், கிளார்க்குகள் ஏராளம்.

●

அப்படி ஒரு ஃபிட்டரை எனக்குத் தெரியும். கோவைப் பக்கத்து ஆலை ஒன்றில் பதினெட்டு வருட சர்வீஸ். வேலை நீக்கம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். சாட்சி விசாரணையெல்லாம் முடிந்த பிறகு பிராது திருப்பித் தரப்பட்டது. மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து என்னிடம் நீட்டினார். நாலாக மடித்து மடித்து, மடிப்புகளில் நைந்து போயிருந்தது. "இனிமே இது எதுக்குங்க, அடுப்புல போட்டுடலாம்னு இருந்தேன்" என்றார்.

நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நீல மையில் நான்கு விவரம்: தாக்கல் செய்த தேதி, திருப்பிக் கொடுத்த தேதி, தாக்கல் செய்தவர் பெயர், திருப்பியதற்கான காரணம் சுருக்கமாக. கீழே நீதிபதியின் சுருக்கொப்பம். இந்த நான்கையும் எழுதித்தான் திருப்ப வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் 7-வது ஆணை, 10-வது விதி. அந்தக் குறிப்புதான் அவர் சொத்து. ஏனென்றால் 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 14-வது பிரிவு ஒரு பெரிய கருணை காட்டுகிறது: அதிகாரம் இல்லாத நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் வழக்கு நடத்திய காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். நீதிமன்றம் அல்லாத தீர்ப்பாயங்கள் முன்பும் இந்தக் கொள்கையைப் பொருத்தலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபிட்டர் அந்தத் தாளோடு தொழிலாளர் அலுவலரிடம் போனார். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு அந்த நீல மைக் குறிப்பே பதில் சொன்னது.

திருப்பித் தந்த பிராதை எறியாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

●

பிராதைத் "திருப்புவது" வேறு, "நிராகரிப்பது" வேறு. உரிய நீதிமன்றத்தில் கொடுத்துக்கொள் என்று கையில் தருவது 10-வது விதி. சட்டமே இந்த வழக்கைத் தடுக்கிறது என்று தள்ளுவது 11-வது விதி. நிராகரித்தாலும் புதிதாகப் பிராது போடத் தடையில்லை என்று 13-வது விதி சொல்கிறது. உங்கள் உத்தரவில் எந்த விதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த நடவடிக்கை அதைப் பொறுத்தது.

●

சிவில் கோர்ட்டில் விசாரணை நடந்தாலும், "மறுபடி வேலையில் சேர்" என்று அது சொல்வது மிக அபூர்வம். ஒருவரிடம் ஒருவர் வேலை பார்க்கும் ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாது என்பது பழைய சட்டக் கொள்கை. கிடைத்தால் நஷ்டஈடு கிடைக்கும். விதிவிலக்கு மூன்றுதான் என்று 1976-ல் வைஷ் டிகிரி காலேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எண்ணிச் சொன்னது: அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவை மீறி நீக்கப்பட்ட அரசு ஊழியர், தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள தொழிலாளி, சட்டத்தால் உருவான அமைப்பு அந்தச் சட்டத்தையே மீறி நீக்கிய ஊழியர்.

ஆக, வேலையைத் திரும்பப் பெற்றுத் தரும் சக்தி தொழிலாளர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. சிவில் கோர்ட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. வேலையே வேண்டும் என்பவர் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

●

தொழிலாளர் நீதிமன்றத்திலும் ஒரு வாசல்காரர் நிற்கிறார். "நீ தொழிலாளியா?" என்று கேட்கிறார்.

அசாமின் டிமாகுச்சி தேயிலைத் தோட்டத்தில் ஓர் உதவி மருத்துவ அலுவலரை வேலையை விட்டு எடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் அவருக்காகச் சங்கத்தின் மூலம் வழக்கை எடுத்தார்கள். தங்களுக்கு மருந்து கொடுத்த மனிதருக்காகத் தோட்டமே நின்றது. 1958-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரவில்லை, ஆகவே இது தொழில் தகராறே அல்ல. நீக்கியது சரியா என்ற இடத்துக்கு வழக்கு போகவே இல்லை.

1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் வரையறையில் உடலுழைப்பு, திறன்சார், தொழில்நுட்ப, எழுத்தர், மேற்பார்வை வேலைகள் எல்லாம் வந்தன. நிர்வாக அதிகாரத்தில் இருப்பவர் வரமாட்டார். மேற்பார்வையாளர் என்றால் சம்பள வரம்பு உண்டு. 2010 வரை அது மாதம் 1,600 ரூபாய், பிறகு 10,000, இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்பில் 18,000.

விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று அச்சடித்துவிட்டால் ஒருவர் மேனேஜர் ஆகிவிடுவதில்லை. காலை முதல் மாலை வரை அவர் பிரதானமாகச் செய்த வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அவருக்கு யாரையாவது வேலைக்கு எடுக்கவோ, நீக்கவோ, லீவு கொடுக்கவோ அதிகாரம் இருந்ததா? அல்லது நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பில் போட்டாரா? உங்கள் அன்றாட வேலையைக் காட்டும் மெயில், ரிஜிஸ்டர், டியூட்டி சார்ட் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கேள்விக்கு நாளை அதுதான் சாட்சி.

●

பள்ளிக்கூடம் ஒரு "தொழில்". ஆனால் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் "தொழிலாளி" அல்ல. 1988-ல் கோவாப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு இது. அதே பள்ளியின் வேன் டிரைவரும் அலுவலக கிளார்க்கும் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம்; ஆசிரியை போக முடியாது. தனியார் பள்ளிகளுக்கான மாநிலச் சட்டத்தின்கீழ் மேல்முறையீடு செய்வதுதான் அவருக்கான வழி.

பணிக்கொடையிலும் ஆசிரியர்களுக்கு இதே கதி நேர்ந்தது. பணிக்கொடைச் சட்டத்தின் "பணியாளர்" வரையறையில் அவர்கள் இல்லை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு உரிமை கொடுத்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போட்ட வழக்கையும் உச்ச நீதிமன்றம் 2022-ல் தள்ளிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலருக்கு இது இன்னும் தெரியாது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும் "தொழிலாளி" என்ற வரையறையில் வரமாட்டார்கள் என்று 1994-ல் தீர்ப்பானது. ஆனால் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கான 1976-ஆம் வருடச் சட்டம் அவர்களுக்குத் தனியாக அந்தப் பாதுகாப்பை நீட்டியிருந்தது.

●

அதிகார வரம்பு என்ற ஆட்சேபத்தை நேர்மையாகக் கிளப்புபவர்களும் உண்டு. காலம் கடத்துவதற்காகவே கிளப்புபவர்களும் உண்டு. இதைச் சொல்வது நான் மட்டுமல்ல.

டெல்லியில் 1969-ல் வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒருவர். கணக்கு எழுதும் வேலை. இவர் தொழிலாளியே அல்ல என்று நிர்வாகம் முதல்நிலை ஆட்சேபம் எழுப்பியது. அதை மட்டும் தனியாக எடுத்து விசாரித்து, அதன்மீது உயர் நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வந்தது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வருடம் 1983. பதினான்கு வருடம். அதுவரை நடந்ததெல்லாம் "இவர் தொழிலாளியா" என்ற முதல் கேள்விக்கான சண்டை. அவரை நீக்கியது சரியா என்ற இரண்டாவது கேள்வி அப்போதும் தொடங்கவில்லை.

நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் மனம் வெதும்பி எழுதினார். தொழிலாளி உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அலைய முடியாதவர், நிர்வாகத்தால் முடியும். ஆகவே தீர்ப்பாயங்கள் முதல்நிலை ஆட்சேபத்தைத் தனியாகப் பிரிக்காமல் எல்லாக் கேள்விகளையும் ஒருசேர விசாரித்து முடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் வழக்கிலும் "முதலில் அதிகார வரம்பை மட்டும் முடிவு செய்யுங்கள்" என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டால், உங்கள் வக்கீலிடம் இந்த 1983-ஆம் வருடத் தீர்ப்பை நினைவுபடுத்துங்கள்.

●

ஒரு தனி மனிதரின் வேலை நீக்கம் 1965 வரை தானாகத் தொழில் தகராறு ஆகாது. சங்கமோ, கணிசமான சக தொழிலாளர்களோ கையில் எடுத்தால்தான் ஆகும். 1947-ஆம் வருடச் சட்டத்தில் 1965-ல் 2-ஏ பிரிவு வந்த பிறகே ஒற்றை ஆளாகவும் நிற்க முடிந்தது. அப்போதும் அரசு வழக்கை அனுப்பி வைக்க வேண்டும்; அரசு மறுத்தால் அதை எதிர்த்து இன்னொரு வழக்கு. சமரசம் முறிந்தால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று தமிழ்நாடு 1988-லேயே திருத்தம் கொண்டுவந்தது. மத்தியச் சட்டத்தில் அதே மாதிரி வழி 2010-ல்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம் முந்தினோம். இதைத் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் சமரச அதிகாரியிடம் போகாமல் நேரே நீதிமன்றம் போனால் மனு நிற்காது. முதல் படி சமரச அலுவலகம்தான்.

●

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1947-ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் இனி தொழிலுறவுத் தொகுப்பு 2020. அதில் தொழிலாளர் நீதிமன்றம், தொழில் தீர்ப்பாயம் என்ற பிரிவினை இல்லை. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாக உறுப்பினர் ஒருவரும் கொண்ட தீர்ப்பாயம். தொழிலாளர் நீதிமன்றம் என்று நான் மேலே சொன்ன இடங்களில் இனி இந்தத் தீர்ப்பாயம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கெடு. வேலை நீக்கத்தை எதிர்க்க முன்பு மூன்று வருடம் இருந்தது. இப்போது இரண்டு வருடம். ஒரு வருடம் சுருங்கிவிட்டது. மறுபுறம், சம்பளப் பாக்கி கேட்க ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 12 மாதமும் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 6 மாதமும்தான் இருந்தன. ஊதியத் தொகுப்பில் அது மூன்று வருடமாகியிருக்கிறது. உங்கள் விவகாரம் எந்தத் தேதியில் நடந்தது என்பதை வைத்துத்தான் எந்தச் சட்டம் என்று முடிவாகும். பழைய புத்தகத்தைப் பார்த்து மனு எழுதாதீர்கள்.

●

எந்தச் சமரச அலுவலகம் என்பதை "உரிய அரசு" எது என்பதே தீர்மானிக்கும். வங்கி, ரயில்வே, காப்பீடு, பெரிய துறைமுகம், சுரங்கம் ஆகியவற்றில் வேலை பார்ப்பவருக்கு "உரிய அரசு" மத்திய அரசு. நூற்பாலை, பனியன் கம்பெனி, ஓட்டல், மருத்துவமனைத் தொழிலாளிக்கு மாநில அரசு. சென்னையில் முன்னவர் போக வேண்டியது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். பின்னவர் போக வேண்டியது தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் சில ஸ்டாப்தான். மாறிப் போய் மனுக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

●

கணக்குப் பார்த்துப் பணத்தை வாங்கித் தா என்று கேட்க 1947-ஆம் வருடச் சட்டத்தில் 33-சி(2) என்ற பிரிவு இருந்தது. அது ஏற்கெனவே உறுதியான உரிமைக்கு மட்டும். "எனக்கு அந்த உரிமை உண்டா" என்பதே தகராறு என்றால், அந்த மனுவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. "சம வேலைக்குச் சம சம்பளம்" கேட்டு இந்தப் பிரிவில் மனுப் போட்ட டெல்லி மாநகராட்சி தினக்கூலிகள் 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இதனால்தான்.

பணிக்கொடையையும் இந்தப் பிரிவில் கேட்க முடியாது. அதற்கென்றே கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார், அவரிடம் மட்டுமே போக வேண்டும் என்று 1979-ல் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல் இல்லாமலே படிவம் எழுதிக் கொடுக்கலாம். வேலையை விட்ட 30 நாளுக்குள் தராத பணிக்கொடைக்கு வட்டியும் உண்டு.

●

கான்ட்ராக்ட் என்ற பெயர் வெறும் முகமூடி, உண்மையில் நான் கம்பெனித் தொழிலாளிதான் என்று சொல்ல விரும்புகிறவர் எங்கே போவது? உயர் நீதிமன்றத்துக்கு அல்ல. 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: யார் கையெழுத்தில் லீவு, யார் சம்பளம் கொடுத்தார், யார் மேற்பார்வை என்றெல்லாம் சாட்சி வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது, தொழில் தீர்ப்பாயம்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் இன்னொரு கருவி உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நிரந்தர அந்தஸ்து தர வேண்டும் என்று 1981-ல் இங்கே தனிச் சட்டம் போட்டார்கள். அந்தக் கோரிக்கையைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் வைக்கலாம்.

●

மிஷினில் கை மாட்டி விரல் போனவர் ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தால், அந்தக் காயத்துக்கு இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட முடியாது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு தடுக்கிறது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனிடம்தான் ஊனப் பலன் கேட்க வேண்டும். பிணக்கு என்றால் ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம் ஒரு நல்ல வசதி செய்திருந்தது. விபத்து நடந்த ஊர், மனுதாரர் வசிக்கும் ஊர், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள ஊர் ஆகிய மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மனுப் போடலாம். வெளிமாநிலத்தில் போர்வெல் லாரியில் வேலை பார்த்து இறந்தவரின் மனைவி, திருச்செங்கோட்டிலோ தர்மபுரியிலோ தன் வீட்டிலிருந்தே கேட்கலாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாக்பூருக்கும் ராய்ப்பூருக்கும் அலைய வேண்டியதில்லை.

●

மத்திய அரசு ஊழியர் பணி விவகாரத்தில் நேரே உயர் நீதிமன்றம் போக முடியாது. 1985-ஆம் வருடச் சட்டப்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான் முதல் இடம். அதன் தீர்ப்பை உயர் நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யலாம், ஆனால் தீர்ப்பாயத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பது 1997-ஆம் வருடச் சந்திரகுமார் வழக்கின் முடிவு. தமிழக அரசு ஊழியருக்கு மாநிலத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால் உயர் நீதிமன்றமே வழி.

●

புதுச்சேரியில் வேலை பார்த்து, அங்கேயே வேலை போன ஒருவர், மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கம்பெனியின் தலைமை இருந்தது அங்கே. புதுச்சேரி யூனிட்டை மூடி அவரை நீக்க முடிவெடுத்ததும் அங்கே. அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னதை 2016-ல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. முடிவு எடுத்த ஊர், அது செயலான ஊர் இரண்டுக்கும் அதிகாரம் உண்டு.

ஆனால் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். "தகராறு வந்தால் மும்பை நீதிமன்றங்களில் மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். 2025 ஏப்ரலில், தனியார் வங்கி ஒன்றின் பாட்னா, டெல்லி ஊழியர்கள் தொடுத்த சிவில் வழக்குகளில் அந்த வரி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமையகம் மும்பையில் இருந்ததால், பிராதுகள் மும்பைக்கு. சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் பிள்ளைகளுக்கு இந்த வரியையும் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

●

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு துறைக்காரர், அதனால் உன் அலுவலகக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று பெண்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாக இருந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அலுவலகக் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

●

கடல் கடந்தும் இதே கேள்விதான். இலங்கையில் வேலை நீக்கத்துக்குத் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அரசுத் திணைக்கள ஊழியருக்கு அந்தச் சபை இல்லை. மலேசியாவில் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் ஆனாலும் முறையீடு ஏற்கப்படாது. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உறவினர் இருந்தால் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.

லண்டனில் சூடான், லிபியத் தூதரகங்களில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் தங்கள் உரிமையைக் கேட்டபோது, வெளிநாட்டு அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பாயம் தள்ளிவிட்டது. ஐரோப்பியச் சட்டத்தின்படி அந்தக் கோரிக்கைகளை விசாரிக்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-ல் அவர்களுக்கு வழி திறந்தது. அமெரிக்காவில், பாகுபாட்டு வழக்குக்கு முன் ஆணையத்தில் புகார் தர வேண்டும் என்ற விதி வெறும் நடைமுறை விதிதான், நீதிமன்ற அதிகாரத்தைத் தீர்மானிப்பது அல்ல என்று 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். டெக்ஸஸின் ஒரு கவுன்டி நிர்வாகம், வழக்கு நடந்து பல வருடம் கழித்து அந்த ஆட்சேபத்தைக் கிளப்பியிருந்தது. அவ்வளவு தாமதமாக வந்தால் கேட்க மாட்டோம் என்றது நீதிமன்றம்.

●

கடைசியாக, எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. 1987-ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்தின்படி ஆலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் அப்படியே. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வேலை நீக்க உத்தரவு, நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், "நான் எந்த மன்றத்துக்குப் போக வேண்டும், எத்தனை நாளுக்குள்?" என்று இந்த இரண்டு கேள்வியை மட்டும் முதலில் கேளுங்கள். போக முடியாதவர்கள் போனில் கேட்கலாம். தேசியச் சட்ட உதவி எண் 15100.